மழைக்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்: வடசென்னை நிலக்காப்புக் குழுக்களுக்குப் புரட்டாசி ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கால்வாய்க்கரை, ஓடை, கழிமுகம், கடற்கரை என்று ஏதாவது ஒரு துண்டு நிலத்தைக் கவனித்துவரும் குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். பதிவு பெற்ற சங்கமானாலும் சரி, தெருவில் நாலு பேர் சேர்ந்ததானாலும் சரி.

புரட்டாசி பிறந்தால் குழுக்கள் கேட்கும் முதல் கேள்வி, கன்று எங்கே கிடைக்கும் என்பதுதான். கன்று எப்படியும் கிடைத்துவிடும். வனத்துறை நாற்றங்காலில் கேட்கலாம்; கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் வரும்; பேனர் பிடிக்கவும் படமெடுக்கவும் ஆளும் கூடவே வரும். அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மழை வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இரண்டு. நீங்கள் காக்கும் நிலம் அரசுப் பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்று பார்த்து நகல் எடுப்பது ஒன்று. மழைக்கு முன் அது இருக்கும் நிலையைத் தேதியோடு படமெடுத்து வைப்பது மற்றொன்று.

வெளிநாடுகளில் நிலக்காப்பு அமைப்புகள் நிலத்தை விலைக்கு வாங்குகின்றன. அல்லது இனி இதில் கட்டமாட்டேன் என்று உரிமையாளரிடம் எழுதி வாங்குகின்றன. 1895-ல் பிரிட்டனில் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டே காப்பாற்றுகிறது. கொருக்குப்பேட்டையில் அரை கிரவுண்டு வாங்க எந்தக் குழுவால் முடியும்? அதற்குத் தேவையும் இல்லை. இங்கே காக்க வேண்டியவை ஆற்றுப் புறம்போக்கு, கால்வாய்ப் புறம்போக்கு, சேற்றுவெளி, மணல்வெளி. அவை ஏற்கெனவே பொதுச்சொத்து. பறிபோவதும் பெரும்பாலும் இருட்டில் வேலி போட்டு இல்லை. தாளில் வகைமாற்றம் செய்து, வரைபடத்தில் கோட்டைத் தள்ளிப்போட்டுத்தான்.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இதற்குப் போதும். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில், ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குக் கழிமுகமே காணாமல் போயிருந்த இன்னொரு வரைபடம் வந்து சேர்ந்தது. பழைய வரைபடத்தின் நகல் கையில் இருந்ததால்தான், 2017-ல் மீனவர்களும் ஆர்வலர்களும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊருக்குக் காட்ட முடிந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் புறம்போக்குப் பாடல் அதே ஆண்டில் எண்ணூரில் படமாகி வெளிவந்து பரவியது. பாட்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வழக்கில் நின்று பேச வரைபடம்தான் வேண்டும்.

பதிவேடு எடுப்பது எப்படி

தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் அ-பதிவேடு, புலப்படம், நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்கலாம். ஒரு புல எண் அரசுப் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அங்கே வசதி உண்டு. கொருக்குப்பேட்டை நகர நில அளவைக்குள் வருவதால் வார்டு, பிளாக், நகரப் புல எண் மூன்றும் வேண்டும். பக்கத்து வீட்டின் பட்டாவைப் பார்த்தாலே பிளாக் எண் தெரிந்துவிடும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் வேலை செய்பவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். திருவொற்றியூர் வட்டம் 2018-ல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆவணங்களைத் திருவள்ளூரிலும் தேட வேண்டி வரலாம்.

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். இன்று அனுப்பினால் மழை நடுவில் பதில் வரும், ஆக்கிரமிப்பு மண் கொட்டுகிறவர்களும் பெரும்பாலும் மழை விட்ட பிறகுதான் வருவார்கள். விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். சட்டம் உரிமையைக் குடிமகனுக்குத்தான் கொடுக்கிறது. ஓர் உறுப்பினரின் பெயரில் போடுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். "இந்தப் புல எண்ணின் புலப்பட நகல், இந்த ஆண்டு தூர்வாரும் பணியின் வேலை ஆணை நகல், அளவுப் புத்தக நகல்" என்று தாளைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள்தான் இருக்கிறது. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இந்தக் காகித வேலைக்கு இப்போது கூடுதல் பயன் உண்டு. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு நிலங்களையெல்லாம் களத்தில் சரிபார்த்து எல்லை குறிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்கள் என்று பட்டியலிடப்பட்ட ராம்சர் தலங்கள் தமிழ்நாட்டில் 20 உள்ளன. இந்தியாவில் இதுவே அதிகம். பள்ளிக்கரணை 2022-ல் அந்தப் பட்டியலில் ஏறியது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தால் 2025-ல் தடுத்து நிறுத்த முடிந்ததென்றால், ஒரு பெயரும் எல்லையும் தாளில் இருந்ததுதான் காரணம். எண்ணூர் அந்தப் பட்டியலில் இல்லை, பழவேற்காடும் இல்லை. உங்கள் பகுதியின் நீர்நிலை எல்லை குறிக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று மாநிலச் சதுப்புநில ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

படமெடுக்க வேண்டியவை

கொருக்குப்பேட்டையில் தண்ணீர் தேங்குவதற்கு மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறையுடையது. தண்டவாளத்துக்கு அடியில் போகும் சிறுபாலம் தெற்கு ரயில்வேயுடையது. ஒன்றில் தூர் எடுத்து அடுத்ததில் எடுக்காவிட்டால் எடுத்ததும் வீண். கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து, ஒவ்வொரு சிறுபாலத்தின் இரு வாயையும், வடிகால் வந்து விழும் ஒவ்வொரு இடத்தையும் படமெடுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மழைக்கு முன் ஒன்று, முதல் பெருமழைக்கு மறுநாள் ஒன்று. கோசஸ்தலை ஆற்றுப் படுகைக்கான புது மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அந்த வடிகால் உங்கள் தெருவுக்கு வந்திருந்தால், அதன் கசடு தேங்கும் குழிகள் திறந்து சுத்தமாக இருக்கின்றனவா என்பதும் படத்தில் வரட்டும்.

தொலைபேசியில் இடமும் நேரமும் பதிவாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த படத்தில் அந்த விவரம் போய்விடும். எடுத்தவரின் கைபேசியில் இருக்கும் மூலப் படத்தை அழிக்கக் கூடாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். யார் எடுத்தது, எந்தக் கருவியில் எடுத்தது என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பிறகு அலைய வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி மார்க்க வண்டியில் கொருக்குப்பேட்டையில் ஏறினால், எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே ரயில் கோசஸ்தலையாற்றைக் கடக்கும். கழிமுகத்தை அடிக்கடி பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. நீரின் நிறம், சாம்பல் படிந்த திட்டுகள், புதிதாகக் கொட்டிய மண் ஆகியவற்றைத் தினமும் அந்த வண்டியில் வேலைக்குப் போகும் உறுப்பினரே கவனித்து எழுதலாம்.

எண்ணெய் வந்தால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூருக்குள் இறங்கியது. சுமார் 20 சதுர கிலோமீட்டரில் படலம் பரவியதாகக் கடலோரக் காவல்படை மதிப்பிட்டது. மீனவர்கள் பக்கெட்டையும் மக்கையும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களைப் பிறகு வெவ்வேறு இடங்களில் பார்த்தார்கள். 

அதனால் இப்போதே முடிவு செய்யுங்கள்: குழுவில் யாரும் எண்ணெயைத் தொடக் கூடாது. பாட்டிலில் மாதிரி எடுப்பதும் பயிற்சி இல்லாதவருக்கு வேண்டாம். செய்ய வேண்டியது நேரம், இடம் குறித்துப் படமெடுத்து உடனே சொல்வது. மாநகராட்சி 1913, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, கடலோரக் காவல்படை 1554. இவற்றைக் குழுவில் எல்லோர் கைபேசியிலும் ஏற்றுங்கள்.

நடுவதானால்

பனை விதை விழும் காலம் இது. ஓரடிக் குழி, பத்தடி இடைவெளி, விதையின் கண் கீழ்ப்பக்கம். கால்வாயை ஒட்டியே நட்டால் அடுத்த தூர்வாரலில் பொக்லைன் தூக்கி எறிந்துவிடும். கரையின் வெளிப்பக்கம், நீர்வளத் துறையிடம் எழுதிக் கேட்டு நடுங்கள்.

கழிமுகத்தில் அலையாத்தி நட ஆசைப்படுகிறவர்கள் பிச்சாவரத்தைக் கற்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வெறுமனே விதை ஊன்றவில்லை. முள்ளெலும்பு வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து வெளியே போகும்படி செய்தபிறகுதான், உப்பு ஏறிச் செத்துக் கிடந்த இடத்தில் காடு திரும்பியது. நீர் ஓட்டத்தைத் திருத்தாமல் நட்டால் பணம்தான் போகும். எல்லாச் சேற்றுவெளியும் மரத்துக்காகக் காத்திருக்கும் தரிசும் அல்ல. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இப்போதுதான் வடக்கிலிருந்து வந்து இறங்குகின்றன. வெறும் சேற்றில்தான் அவற்றுக்குத் தீனி. அதில் கன்று நட்டுப் படமெடுப்பதைவிட ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல்.

பயிற்சிகள்

காசு செலவில்லாத முதல் பயிற்சி சேப்பாக்கம் கலஸ் மகாலில் இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. இரண்டு உறுப்பினர்கள் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வட்டாட்சியரின் அறிக்கையில் எந்த வரியை நீதிபதி கேட்கிறார், எந்தப் படத்தை ஒதுக்குகிறார் என்று தெரியும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மனுச் செய்ய, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தேதியோடு படம் எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

வெள்ளக் காலத்துக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா பயிற்சி உண்டு, 12 நாள். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்த குழு எப்போது என்று விசாரியுங்கள். மரம் அறியவும் சரியாகக் கிளை கழிக்கவும் நிழல் அமைப்பு பழக்குகிறது. மழைக்கு முன் மின்கம்பிக்காக மரத்தை மொட்டையடிக்கும் தெருக்களில் இது தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். பறவைகளுக்கு 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம். கடலாமைக்கு 1988-ல் மாணவர்கள் தொடங்கிய ஆமைக் காப்பு வலையமைப்பு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஜனவரி ஆமை நடைகளுக்கு இப்போதே பெயர் கொடுங்கள். ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு; ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அதே மாதம். எண்ணூரிலிருந்து பட்டியல்கள் கூடினால், அங்கே பறவையே இல்லை என்று எந்த ஆய்வறிக்கையும் எழுத முடியாது.

கழிமுகத்தைப் படிக்க நல்ல ஆசிரியர்கள் காட்டுக்குப்பத்து, முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள்தான். காக்கா ஆழி எனப்படும் வெளிநாட்டுச் சிப்பி சேற்றில் கம்பளமாகப் படர்ந்து இறாலுக்கு இடமில்லாமல் செய்வதை முதலில் கண்டு சொன்னவர்கள் அவர்களே. அவர்களைக் கூட்டிவந்து பாடம் கேட்டால், தொழிலுக்குப் போகாத அந்த நாளின் வருமானத்தைக் கொடுங்கள். நகரத்திலிருந்து வரும் பேச்சாளருக்குப் படி கொடுத்துவிட்டு மீனவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தும் வழக்கம் நன்றாக இல்லை.

கடைசியாக ஒன்று. பெரிய திட்டங்களுக்கான பொதுக் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; அது உள்ளூர் மொழி நாளிதழிலும் வர வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்த கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தது திரும்ப வரலாம், மழை மும்முரத்தில் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்க்கவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை இறக்கி வைக்கவும் இரண்டு பேரை இந்த வாரமே நியமித்துவிடுங்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்க்கட்டும்.