மிளகுக் கொடியில் இருவகைக் கிளைகள்

மிளகுக் கன்று உண்டாக்கத் தண்டு வெட்டும்போது எந்தக் கிளையில் கத்தி வைக்கிறோம்? எல்லாம் ஒரே கொடிதானே என்று எண்ணி, நன்றாகக் காய்த்த பக்கக் கிளைகளையே தெரிந்தெடுத்து நாங்களும் ஒருமுறை நட்டோம். கன்றுகள் பிடித்தன. ஆனால் கிளிசிறிடியாவில் ஏறாமல், அடியிலேயே புதராகப் பரந்து நின்றன. ஒரு பருவம் வீணாயிற்று. கன்றில் பழுதில்லை, கிளையை இனங்காணத் தவறியவர்கள் நாங்களே.

தாவரவியலில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நிமிர்ந்து வளரும் கிளை 'ஓர்த்தோட்ரோப்பிக்'. சரிந்தோ கிடையாகவோ வளர்வது 'பிளாஜியோட்ரோப்பிக்'. கிரேக்க மொழியில் 'ஓர்த்தோஸ்' என்றால் நேர், 'பிளாஜியோஸ்' என்றால் சாய்வு. வாய்க்குள் நுழையாத பெயர்கள்தாம். தோட்டத்தில் நேர்க்கிளை, பக்கக்கிளை என்றால் போதும்.

மிளகின் நேர்க்கிளை கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பற்றி ஏறும். பக்கக்கிளையில் அந்தப் பற்றுவேர்கள் இல்லை. காய்ப்பதே அதன் வேலை. வெட்டுமுன் கணுவைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நேர்க்கிளையில் நுனி அரும்பு ஒன்றே தொடர்ந்து வளர்கிறது. இது 'மொனோபோடியல்' வளர்ச்சி. பக்கக்கிளையிலோ நுனி பூக்கதிராகி முடிந்துவிடுகிறது. உடனே இலைக்கக்கத்து அரும்பு முன்னே வளர்கிறது. அதுவும் கதிராக முடிய, அடுத்த அரும்பு பொறுப்பேற்கிறது. இது 'சிம்போடியல்'. பார்வைக்கு ஒரே தண்டு. உண்மையில், தோள் மாற்றித் தோள் மாற்றிப் பலர் சுமந்து சென்ற சுமை. கதிர் இலைக்கக்கத்தில் இல்லாமல் இலைக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது இதனாலேயே.

கோப்பியிலும் இருவகைக் கிளைகள் உண்டு. பக்கக்கிளைத் தண்டிலிருந்து வளர்த்த கோப்பி நிமிர்ந்த மரமாகாமல் தாழ்ந்து படரும். நடுத்தண்டின் ஒரு கணுவிலுள்ள பக்கக்கிளையை அடியோடு வெட்டிவிட்டால் அதே கணுவில் மற்றொன்று வராது. நேராக எழும் தளிர்களே வரும். எனவே கவாத்துச் செய்பவர் அவசரப்படக் கூடாது. வெப்பவலய மரங்களின் வடிவங்களை 1970இல் வகைப்படுத்திய ஹாலே, ஓல்டெமான் என்னும் அறிஞர்களும் இத்தகைய வேறுபாடுகளையே அளவுகோலாகக் கொண்டார்கள்.

மிளகின் பக்கக்கிளையை எறிந்துவிட வேண்டியதில்லை. அது வேர்பிடிப்பது சற்றுக் கடினம். பிடித்துவிட்டால், தாங்குமரம் நட இடமில்லாத முற்றத்திலும் சட்டியில் புதர்மிளகாக நின்று காய்க்கும். கொடியாக ஏற்றுவதற்கு மட்டும் நேர்க்கிளையையோ, கொடியின் அடியிலிருந்து நிலத்தில் ஓடும் தண்டையோ வெட்டுங்கள்.