மாத்திரை செல்லும் வழி

ஏரி நிறைய நீர் இருப்பினும், மதகு திறவாதிருந்தால் வயல் நனையாது. மதகு திறந்திருப்பினும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைப் பயிர் வாடும். வரம்பின்றி நீரைத் திறந்துவிட்டாலோ, பயிர் மூழ்கி அழுகும். நீர் மிகுதியாக உளது என்பது மட்டும் உழவர்க்குப் போதாது. அந்நீர் உரிய இடத்திற்கு, உரிய காலத்தில், உரிய அளவிற் சென்று சேர்தல் வேண்டும். மருந்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஒரு மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது ஒன்று. அதில் எவ்வளவு நோயாளியின் குருதியிற் கலக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவ உலகம் முழுதும் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அதனை உணர்த்திய நிகழ்ச்சிகளையும், அறிஞர் அதற்குக் கண்ட வழிகளையும் இப்பாடத்திற் காண்போம்.

மருந்தைத் திடப்பொருளாக்கி உண்ணும் வழக்கம் மிகப் பழையது. நம் நாட்டுச் சித்த மருத்துவர் மருந்துச் சரக்குகளைக் கல்வத்திலிட்டுச் சாமக் கணக்கில் அரைத்தனர். இடித்த சூரணத்தைத் துணியிற் சலித்து எடுத்தனர். அரைத்த விழுதை உருட்டி உலர்த்திக் குளிகையாக்கினர். மேனாட்டு மருந்தாளரும் மருந்தைப் பிசைந்து கையால் உருட்டியே வந்தனர். இம்முறைக்கு மாற்றாக வேறொரு முறையை 1843-ஆம் ஆண்டில் வில்லியம் பிராக்கெடன் என்னும் ஆங்கிலேயர் கண்டார். அவர் ஓர் ஓவியர். புதுமைப் பொறிகள் அமைப்பதிலும் வல்லவர். பென்சிலுக்கு வேண்டிய நல்ல கிராபைட்டுக் கட்டிகள் கிடைத்தல் அரிதானமையின், கிராபைட்டுப் பொடியை அச்சினுள் இட்டு அழுத்திக் கட்டியாக்க முயன்றார். அவ்வாறே மருந்துப் பொடியையும் அழுத்தி மாத்திரையாக்கலாம் என்று கண்டு, அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஓவியர் ஒருவரின் தேவை நோயாளிகளுக்கு நன்மையாய் முடிந்தது.

மாத்திரையின் நன்மைகள் பல. அதன் அளவு மாறாது, அது சிந்தாது, நெடுநாள் கெடாதிருக்கும், எடுத்துச் செல்லவும் எளிது. ஆயினும், அதனைச் செய்வோர்க்கு ஓர் இடர் உண்டு. மாத்திரை பெட்டியிலும் பையிலும் இருக்கும்போது உடைதல் கூடாது. வயிற்றினுட் சென்றதும் உடைந்தே ஆதல் வேண்டும். முரண்பட்ட இவ்விரு பண்புகளையும் ஒரு பொருளிலேயே அமைப்பதற்கு மருந்தோடு வேறு பல பொருள்களைச் சேர்க்கின்றனர். சில மாத்திரைகளில் மருந்து சில மில்லிகிராம் அளவே இருக்கும். அதனைக் கையால் எடுக்கும் அளவினதாக்கப் பாற்சருக்கரை முதலியன உதவும். துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள ஒட்டும் பொருள் வேண்டும். பொறியின் அச்சில் மருந்து ஒட்டாதிருக்க வழுக்கும் பொருள் சிறிது வேண்டும். அது மிகுமாயின் மாத்திரையினுள் நீர் எளிதிற் புகாது. மாத்திரையைப் பிளப்பதற்கு மாப்பொருள் வேண்டும். நீரில் இட்ட பயறு ஊறிப் பருப்பது போல, மாப்பொருள் நீரை ஈர்த்துப் பருத்து, மாத்திரையை உள்ளிருந்தே உதிர்த்துவிடும். இவை யாவும் துணைப்பொருள்கள் எனப்படும். இவை நோயைத் தீர்ப்பன அல்ல. ஆதலின், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைச் சேர்ப்பதால் தீங்கு நேராது என்று பலரும் கருதினர்.

அக்கருத்து தவறு என்பதை ஆஸ்திரேலியாவிற் பிரிஸ்பேன் நகரத்து நோயாளிகள் தம் துன்பத்தால் உலகிற்கு உணர்த்தினர். 1968-ஆம் ஆண்டை அடுத்து, அந்நகரில் வலிப்பு நோய்க்காகப் பினிட்டாயின் என்னும் மருந்தை உண்டு வந்தோர் பலருக்கு நடை தள்ளாடியது. கண்கள் நிலைகொள்ளாது ஆடின. மருந்து அளவுக்கு மிஞ்சினால் தோன்றும் குறிகள் இவை. ஆனால், அவர்கள் வழக்கமாக உண்ட அளவையே உண்டனர். மருத்துவர் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. மருந்தை அடைத்த உறையினுள் முன்னர்த் துணைப்பொருளாகக் கால்சியம் சல்பேட்டு இருந்தது. அதனை நீக்கிப் பாற்சருக்கரையைச் சேர்த்திருந்தனர். முன்னைய துணைப்பொருள் இருந்தபோது மருந்தின் ஒரு பகுதி உடலிற் சேராமலே கழிந்தது. அக்குறைவுக்கு ஏற்பவே நோயாளிகளின் அளவு அமைந்திருந்தது. துணைப்பொருள் மாறியதும் மருந்து மிகுதியாகக் குருதியிற் கலந்தது. உறையில் இருந்த மருந்தின் அளவு முன்பு இருந்ததே. முன்பு நலம் செய்த அவ்வளவே பின்பு நஞ்சாயிற்று.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மற்றோர் உண்மை வெளியாயிற்று. டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலையினின்று எடுக்கப்படும் டிகாக்சின், இதய நோய்க்குரிய மருந்தாகும். அது சிறிது குறைந்தாற் பயன் தராது. சிறிது மிகுந்தால் உயிர்க்கே ஊறு செய்யும். வெவ்வேறு நிறுவனங்கள் செய்த டிகாக்சின் மாத்திரைகளை ஒரே அளவில் உண்பித்துக் குருதியை அளந்து பார்த்தனர். அவற்றினிடையே ஏழு மடங்கு வரை வேறுபாடு காணப்பட்டது. எல்லா மாத்திரைகளின் மேலும் எழுதப்பட்டிருந்த எடை ஒன்றே. இவ்வாறாயின், ஒரு கடையில் வாங்கிய மாத்திரையை விட்டு வேறொரு கடையில் வேறு வகை மாத்திரை வாங்கும் நோயாளியின் நிலை என்னாம்?

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? மாத்திரை உதிர்வது வேறு. மருந்து கரைவது வேறு. உதிர்ந்த துகள் துகளாகவே இருக்குமாயின், குடலின் சுவரைக் கடந்து குருதியிற் புக மாட்டாது. அது முதலில் நீரிற் கரைதல் வேண்டும். மருந்து குடலைக் கடந்து செல்லும் காலமோ அளவுடையது. அக்காலத்திற்குள் கரையாத மருந்து வீணே வெளியேறும்.

திடப்பொருள் கரையும் வேகத்திற்கு ஒழுங்கான விதி உண்டு என்பதை நாய்சு, விட்னி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1897-ஆம் ஆண்டிலேயே காட்டினர். அவ்விதியைப் பின்வந்தோர் விரிவாக்கி, நீரோடு பட்டிருக்கும் பரப்பு மிகுந்தால் கரையும் வேகமும் மிகும் என்று தெளிவாக்கினர். பெரிய கற்கண்டுக் கட்டி பாலிற் கரைய நெடுநேரம் ஆகிறது. அதனைப் பொடித்துப் போட்டால் விரைவிற் கரைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். பக்கத்திற்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் அளவான சிறு கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவாகப் பொடித்தால், அதே பொருளின் பரப்பு 60,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 6 சதுர மீட்டர் ஆகிவிடும். விரல் நுனியில் அடங்கிய பொருள் ஒரு சிற்றறையின் தரையளவு பரப்பைப் பெறுகிறது! படர்தாமரைக்கு உண்ணத் தரும் கிரிசியோபுல்வின் நீரில் எளிதிற் கரையாத மருந்து. அதனை மிக நுண்ணிதாக்கித் தந்தபோது, முன்னைய அளவிற் பாதியே போதுமானதாயிற்று.

இவ்வுண்மைகள் தெளிவானதும், மருந்தின் எடையைச் சோதிப்பதோடு அதன் கரைதலையும் சோதிக்கத் தொடங்கினர். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அமெரிக்க நூலின் 1970-ஆம் ஆண்டுப் பதிப்பில் இச்சோதனை இடம் பெற்றது. கம்பிவலையாற் செய்த சிறு கூடையில் மாத்திரையை இட்டு, உடலின் வெப்பமாகிய 37 டிகிரி வெப்பமுள்ள நீர்மத்தில் அமிழ்த்திச் சுழற்றுவர். குறித்த நேரத்திற்குள் குறித்த பங்கு மருந்து கரைந்ததா என்று அளந்து பார்ப்பர். கரையாத மாத்திரை விற்பனைக்குச் செல்லாது.

எவ்வளவு பொடித்தாலும் கரைய மறுக்கும் மருந்துகளும் உள. அவற்றிற்கு வேறொரு வழி காணப்பட்டது. படிகமாக உள்ள மருந்து, ஒழுங்காக அடுக்கிக் கட்டிய செங்கற்சுவர் போன்றது. அதினின்று ஒரு கல்லைப் பெயர்த்தல் அரிது. ஒழுங்கின்றிக் குவித்த செங்கற்களினின்று ஒன்றை எடுத்தல் எளிது. எனவே மருந்தின் அடுக்கை நுணுக்கியும் குலைத்தும், நீரில் எளிதிற் கரையும் பொருளினுள் பரவச் செய்தால் அது விரைந்து கரையும். 1961-ஆம் ஆண்டில் செகிகுச்சி, ஒபி என்னும் சப்பானிய அறிஞர் சல்பாதயசோல் என்னும் மருந்தை யூரியாவோடு சேர்த்து உருக்கி, உறையச் செய்து, பொடித்து இவ்வழியைத் தொடங்கி வைத்தனர்.

ஆயினும், குலைந்த கற்கள் தாமே மீண்டும் அடுக்காகிவிடும் இடரும், ஓர் அடுக்கு அதனினும் உறுதியான மற்றோர் அடுக்காக மாறிவிடும் இடரும் உண்டு. எய்ட்சு நோய்க்குரிய ரிட்டோனாவிர் என்னும் மருந்து 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1998-ஆம் ஆண்டில் அதன் உறைமருந்துகள் கரைதற் சோதனையில் தவறின. அதுவரை அறியப்படாத, முன்னையதினும் கரைதற்கு அரிய படிக வடிவம் ஒன்று அதனுள் தோன்றியிருந்தது. உறைமருந்தை விற்பனையினின்று நீக்க நேர்ந்தது. நோயாளிகள் சுவை மிகவும் கெட்ட நீர்ம மருந்தை உண்ண வேண்டியதாயிற்று. அடுத்து வந்த உறைமருந்தோ குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியதாக இருந்தது. குளிர்ப்பெட்டியும் மின்சாரமும் இல்லாத வெப்ப நாட்டு ஏழைகள் என் செய்வர்? அறிஞர் மீண்டும் முயன்றனர். ரிட்டோனாவிரையும் அதனோடு தரப்படும் லோப்பினாவிரையும், மருந்தின் அடுக்கு மீளாதபடி தாங்கும் ஒரு பொருளோடு சேர்த்து உருக்கிப் பிழிந்து மாத்திரை செய்தனர். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மாத்திரைக்குக் குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு ஆறு உறைமருந்துகள் உண்டோர்க்கு நான்கு மாத்திரைகள் போதுமானவையாயின. மருந்து பழையதே, அது செல்லும் வழியே புதியது.

விரைந்து கரைதல் எல்லா மருந்துக்கும் நன்று என்று கொள்ளுதல் கூடாது. ஒமெப்ரசோல் போன்ற மருந்து இரைப்பையின் அமிலத்தாற் சிதையும். ஆதலின், அமிலத்திற் கரையாது குடலிற் கரையும் மேற்பூச்சை அதற்கு இடுகின்றனர். வேறு சில மருந்துகள் நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர வேண்டியவை. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் உறைமருந்தில் நூற்றுக்கணக்கான சிறு மணிகள் இருந்தன. அவற்றின் மேற்பூச்சு வெவ்வேறு கனமுடையது. மெல்லிய பூச்சுடையவை முன்னும், தடித்த பூச்சுடையவை பின்னும் கரைந்து, மருந்தை முறையாக வழங்கின. மதகுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து நீர் பாய்ச்சும் உழவரின் செயலை இது ஒக்கும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர், மாத்திரையைத் தம் விருப்பப்படி உடைத்தும் பொடித்தும் உண்ண மாட்டார். விழுங்க இயலாத முதியோர்க்கும் சிறுவர்க்கும் அன்பினால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்போர் பலர். மெல்லக் கரையுமாறு செய்த மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரே வேளையிற் குருதியிற் பாயும். குடலிற் கரைய வேண்டியதைப் பொடித்தால், அது இரைப்பையிலேயே அழியும். ஆதலின், மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டறிந்த பின்னரே அவ்வாறு செய்தல் வேண்டும். அமர்ந்த நிலையில், போதிய நீரோடு மாத்திரையை விழுங்குதல் நன்று. நீரின்றிப் படுத்தபடி விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண் செய்தலும் உண்டு. உணவுக்கு முன் உண்க என்றும், பின் உண்க என்றும் மருத்துவர் கூறுவதும் மருந்து செல்லும் வழியைக் கருதியே ஆகும்.

கையிற் கிடக்கும் சிறு மாத்திரையில் வேதியியல் அறிஞரின் அறிவும், பொறியாளரின் திறனும், பிரிஸ்பேன் நகரத்து நோயாளிகள் போன்றோர் பட்ட துன்பத்தினாற் பெற்ற பாடமும் அடங்கியுள்ளன. நல்ல மருந்தைக் கண்டறிதல் அரிய செயல். அது நோயுற்றவனைச் சென்று சேர வழி அமைத்தல் அதனினும் குறைந்த செயல் அன்று.

பயிற்சி

1. மாத்திரையில் இருத்தல் வேண்டிய முரண்பட்ட பண்புகள் யாவை? அவை எவ்வாறு அமைக்கப்படுகின்றன?
2. பிரிஸ்பேன் நகரத்து நிகழ்ச்சியைச் சொந்த நடையில் எழுதுக.
3. ஒரு பொருளைப் பொடித்தால் விரைவிற் கரைவது ஏன்? கணக்கிட்டு விளக்குக.
4. சில மாத்திரைகளைப் பொடித்து உண்ணுதல் கூடாது என்பதன் காரணங்கள் யாவை?