ஆக்யுரட்: ஒரு சொல், ஒரு கையெழுத்து

உதவித்தொகைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மேலே தந்த விவரங்கள் ‘ட்ரூ அண்ட் ஆக்யுரட்’ என்பது போல ஓர் உறுதிமொழி இருக்கும். நம் பிள்ளைகள் பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். இம்மாதப் பாடம் அந்தச் சொல்தான்.

‘அக்யூரேட்’ என்று கடைசியை நீட்டுவது நம் வழக்கம். அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். முடிவு ‘ரட்’ என்று குறுகும். இலத்தீனில் ‘கூரா’ என்றால் அக்கறை. அக்கறையோடு செய்யப்பட்டது என்பது மூலப்பொருள். உள்ளதற்குச் சரியாக ஒத்திருப்பது என்பது இன்றைய பொருள். எதிர்ச்சொல் ‘இன்ஆக்யுரட்’.

‘ப்ரிசைஸ்’ வேறு. அது நுணுக்கத்தைக் குறிப்பது. நொடிவரை காட்டும் கடிகாரம் ப்ரிசைஸ். அதுவே ஐந்து நிமிடம் பிந்தி ஓடினால் ஆக்யுரட் அல்ல. இஃப்தார் நேரத்தில் இந்த வேறுபாடு எவருக்கும் புரியும்!

நம் பரங்கிமலையிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். 57 நாட்கள் ஆயின. சென்னை வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதால், வெப்பமானி வைத்து அந்த நீட்சியையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அதே அளவைப் பணியின் கருவிகளைச் செய்து, செப்பனிட்டவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். 1843இல் அத்துறையின் கருவி செய்பவர் பதவி அவருக்கே கிடைத்தது. பாடநூல்களில் இடம்பெற வேண்டிய பெயர்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ‘முஹம்மது’ என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் முழுதாகவும், ஆதாரில் ‘முகமது’ என்றும், வங்கிப் புத்தகத்தில் ‘எம்.டி.’ என்றும் இருக்கிறது. ஒவ்வொன்றும் ‘ட்ரூ’தான், பொய்யில்லை. ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது ‘ஆக்யுரட்’ என்று எப்படிக் கையெழுத்திடுவது? தகுதியுள்ள பிள்ளையின் விண்ணப்பம் இதனாலேயே நின்றுபோகிறது.

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் பள்ளியில் சரிபார்க்கத் தரும்போது, தாய் தந்தை பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அப்போது திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு அலைச்சல்தான். ஐயமிருந்தால் ஆவணங்களோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.