ஊர் கூடிச் செய்த மருத்துவம்

வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93-ஆம் அதிகாரமாக வைத்தார்; சூதினை அடுத்து, 95-ஆம் அதிகாரமாக 'மருந்து' வருகின்றது. கள்ளாமையும் புலால் மறுத்தலும் அறத்துப்பாலில் அமைய, கள்ளுண்ணாமை நாடும் அரசும் பேசப்படும் பாலில் அமைந்தது எண்ணத்தக்கது. அதியமான் ஔவையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தியைப் புறநானூறு கூறுவதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. நம் இலக்கியம் முழுவதும் கள்ளைக் கடிந்தது என்பது வெறும் மேடைப் பேச்சேயாகும்.

சட்டத்தின் கதை யாவரும் அறிந்ததே. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971-இல் அது தமிழகத்தில் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் நீங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. சீர்காழிப் பகுதியினர்க்கோ காரைக்கால் அண்மையில் உள்ளது. அங்குச் சட்டமே வேறு. கடைகள் திறந்திருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆகவே, கடை திறந்தாலும் மூடினாலும் ஊர் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சி நிற்கின்றது.

அப்பணி இன்னது என்பதை நம் காவிரிப் படுகையே காட்டியுள்ளது. 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயாளர் சென்னைக்கு வரட்டும் என்று காத்திராமல், 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக்கு இந்நிறுவனம் மருத்துவத்தைக் கொண்டு சென்றது. இன்று அச்சிற்றூர் திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்தது.

முகாம் ஏறத்தாழப் பதினைந்து நாள் நடைபெறும். இடம், உணவு முதலியவற்றுக்கு உள்ளூர் அமைப்பொன்று பொறுப்பேற்கும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், உறக்கமின்மை, சிலர்க்கு வலிப்பும் தோன்றும். எனவே முதற்பணி மருத்துவருடையது. பின்னரே குழுவாக அமர்ந்து பேசுதல். இல்லறத்தாரும் இதில் பங்கு கொள்வர். இஃது இன்றியமையாதது, கணவன் குடியை ஊருக்கு மறைத்து மறைத்தே நொந்த பெண், அங்கேதான் முதன்முதலாக வாய்திறக்கிறாள். முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து கண்காணிப்பு உண்டு. இப்பட்டறிவு 1994-இல் 'அடிக்‌ஷன்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது.

நகர மருத்துவமனையிலிருந்து திரும்புபவன் தனியனாகத் திரும்புகிறான். பழைய கூட்டாளிகள் அவனை எதிர்கொள்கின்றனர். முகாமிலிருந்து திரும்புபவனுக்கோ அதே தெருவில் உடன் தங்கியவர் இருவர் மூவர் இருப்பர். மருந்தினும் இதுவே பெரிது என்பது என் கருத்து.

சீர்காழி வட்டாரத்தில் இத்தகு முகாமை ஏற்கத்தக்க அமைப்புகள் பல உள. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து, பள்ளிவாசல் ஜமாஅத், மகளிர் சுயஉதவிக் குழு ஆகியவற்றுள் எதுவும் முன்வரலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் வீடுதோறும் சென்று பேசலாம். காலம் மட்டும் நோக்க வேண்டும். சம்பா அறுவடையில் கூலியை விட்டு எவரும் வாரார். பங்குனி, சித்திரையில் வயல்வேலை குறைந்திருக்கும். பள்ளிக் கட்டடங்களும் விடுமுறையில் கிடைக்கும்.