மலையகத் தமிழர் வாழ்வும் வழக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறும் இல்லை, மலையும் இல்லை. கீரிமலை என்னும் தலம் பெயரளவில் மலையைத் தாங்கி நிற்பினும், அங்கு நாம் காண்பன கேணியும் கடலுமே. ஆதலின் குறிஞ்சித் திணையை நம் மாணவர் ஏட்டிலே கற்பரேயன்றி நாட்டிலே கண்டறியார். தினைப்புனங் காத்தல், கிளி கடிதல், வேலன் வெறியாட்டு என்பன அவர்க்கு மனப்பாடம். ஆனால், இங்கிருந்து ஒரு பகற்பயணத்தில் அடையத்தக்க அட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளிலே வாழும் தமிழ்க்குடியின் வாழ்வை நம்முட் பலர் அறியோம். அங்கு ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்து மீண்டோர் நம்மிடையே உளர். அவர்தாமும் மக்களைப் பற்றிச் சொல்வதினும் குளிரைப் பற்றியே மிகுதியாகச் சொல்வர். இக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கருதற்பாலது ஒன்றுண்டு. மலையகத் தமிழர், நூல்கள் கூறும் குறிஞ்சி மாக்கள் அல்லர். இவர்தம் முன்னோர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சமவெளிப் பகுதிகளில் வாழ்ந்த உழைப்பாளர். பஞ்சமும் கடனும் நிலமின்மையும் சாதிக்கொடுமையும் அவரைக் கடல் கடக்கச் செய்தன. 1823இல் கம்பளைக்கருகே ஜோர்ஜ் பேர்ட் என்பார் தொடங்கிய கோப்பித் தோட்டத்திற்கு வந்தோரையே முதற் கூட்டத்தார் எனக் கொள்வது வழக்கு. தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தோருட் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர்.

கோப்பி பருவப் பயிர்; பழம் பறிக்கும் காலத்தில் வந்தோர் அது முடிந்தபின் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஏறத்தாழ வாரத்திற்கு ஒருமுறை பறிக்கப்பட வேண்டுவது. ஆகவே அதனைப் பேணுவோரும் குடும்பத்தோடு மலையிலே தங்கலாயினர். பயிர் மாறியமையால் வந்துபோன கூட்டம் வேரூன்றிய குடியாயிற்று.

அக்குடிக்குத் தோட்டம் அளித்த உறையுள் லயம் எனப்படும் நெடுங்கட்டடமாகும். அதிலே ஒரு குடும்பத்திற்குரியது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவினதாகிய ஓர் அறையே. அதனைக் காம்பரா என்பர். விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர்; கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பர். பெண்டிர் கூடை சுமந்து கொழுந்தெடுப்பர். ஆடவர் கவ்வாத்துச் செய்வர். ஒருநாட் கூலிக்குரிய பதிவு ‘பேர்’ எனப்படும். நிறை குறையின் ‘அரைப்பேர்’. மனிதன் தன் பெயரை நாடோறும் உழைத்துப் பெறுவது போன்ற இவ்வழக்குச் சிந்திக்கத்தக்கது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்வதற்கும் ‘துண்டு’ வேண்டியிருந்தது. கடன்பட்டவனைக் கட்டிவைத்த அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

இத்துணை நெருக்கடியான வாழ்விலே பண்பாடு எங்ஙனம் நிலைத்தது? மலை இவர்க்கு அதனை வழங்கவில்லை. இவர் தாம் கொணர்ந்ததை மலைக்கு இசைய அமைத்துக்கொண்டனர். சமவெளியில் வணங்கிய மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் தேயிலை மலைகளிற் கோயில் கொண்டனர். அவர்களோடு புதுத் தெய்வங்களும் தோன்றின. கவ்வாத்துக் கத்தி கையைத் துணிக்காது காப்பது கவ்வாத்துச்சாமி. தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்திற்குக் காவல் ரோதைமுனி. நீராவி இயந்திரம் வந்த நூற்றாண்டிலே அதற்கும் ஒரு முனியைக் கண்டு பூசையிட்ட மக்களின் அச்சத்தையும் அறிவையும் ஒருங்கே இது காட்டுகின்றது.

இவர்தம் கலைகளுள் தலையாயது காமன்கூத்து. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவிற் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுவர். மன்மதன், ரதி ஆகியோர் வேடத்தை ஆடவரே நோன்பிருந்து பூணுவர். பகலில் வேலைக்குச் சென்றோர் இரவிலே தப்பொலிக்கு ஆடுவர். சிவபிரானது தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரியுண்ணும் இரவே கூத்தின் உச்சம். ரதியின் புலம்பலைக் கேட்டுப் பெண்டிர் கண்ணீர் உகுப்பர். பின்னர் மன்மதன் உயிர்த்தெழுவான். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே விடியவிடிய ஆடப்படுவன. பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டிற்குரியது. படுகளத்தில் மாண்ட அண்ணன்மாருக்காக அழும் தங்கையின் கதை, வழியிலே உடன்பிறந்தாரைப் பறிகொடுத்து வந்த மக்களுக்கு வெறுங்கதையாக இருந்திராது. இக்கூத்துக்களுக்கு மேடை இல்லை. காண்போரும் ஆடுவோரும் ஒரே தோட்டத்தார்.

நம் பண்டிகைகளோடு ஒப்பிடின் ஒரு வேறுபாடு புலனாகும். குடாநாட்டிலே தைப்பொங்கல் தலைமை பெறும். அங்கோ தீபாவளியே பெருநாள். நெல் விளைவிக்கும் நிலமுடையார்க்கு அறுவடைத் திருநாள் சிறந்தது. கூலியையே நம்பினார்க்குத் தோட்டத்து முற்பணங் கைக்கு வரும் நாள் சிறந்தது போலும்.

இவர்தம் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து ஏட்டில் ஏற்றியவருள் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் மடகும்பரைத் தோட்டத்திலே 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. அவர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருமானார். அவருக்கு முன்னரே கோ. நடேசய்யர் எழுத்தாலும் தொழிற்சங்கத்தாலும் தொழிலாளரை எழுப்பினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் மக்களறிந்த மெட்டுக்களிற் பாட்டியற்றித் தாமே பாடினார். பாட்டு அங்கே பொழுதுபோக்கு அன்று, முறையீடு.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இவ்விடயத்தில் யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் ஒருநிலைப்படவில்லை. அந்தப் பிளவே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு ஒரு காரணமாயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைமையமைச்சர்களும் 975,000 பேரைக் குறித்து உடன்படிக்கை செய்து, 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தனர். எஞ்சிய 150,000 பேர் 1974இற் பாதிபாதியாகப் பகுக்கப்பட்டனர். ஒரே காம்பராவில் வாழ்ந்த உறவினர் கடலின் இருகரையினராயினர். நாடற்றோர் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.

ஏட்டளவில் உரிமை வந்தபோதும் மண்ணளவில் அது நிறைவுறவில்லை. அண்மையாண்டுகளிற் சிறு காணித்துண்டுகளோடு தனிவீடுகள் சில கட்டப்பட்டன. எனினும் பலர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர். இளைஞர் வேலை தேடிக் கொழும்பிற்குச் செல்லக் காமன் கம்பம் ஊன்றும் கைகள் குறைகின்றன. 2023இல், 200 ஆண்டு நிறைவை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியே பலர் நடந்தனர்.

அவ்வழியின் தொடக்கப் பகுதி வடமாகாணத்து வழியே என்பதை நாம் மறத்தல் கூடாது. 1977ஆம் ஆண்டு வன்செயலால் மலையினின்றும் பெயர்ந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு திருத்திக் குடியேறின. அவர் வழியினர் இன்று நம் அயலவர். அவரைத் ‘தோட்டக்காட்டார்’ என இகழும் வழக்கம் நம்மிடையே இருந்தது. முற்றாக ஒழிந்ததென்றும் சொல்வதற்கில்லை. சைவத்தையும் தமிழையும் காப்பதற்கெனப் பள்ளிகள் கண்ட நாம், பள்ளியின்றி, காணியின்றி, வாக்கின்றி, அவ்விரண்டையும் தம் தோளிலும் தப்பிலும் சுமந்து காத்தவரை இகழ்வது கல்விக்கு அழகன்று.

மாணவர் செய்யத்தக்கன சிலவுள. விடுமுறையில் மலையகம் செல்வோர் நீர்வீழ்ச்சிகளைக் காண்பதோடு அமையாது ஒரு காமன் கம்பத்தின் கீழும் ஓர் இரவு அமர்க. முதியோர் வாய்ப் பாடல்களை எழுதுக. இயலுமேல் ஒலிப்பதிவு செய்க. கிளிநொச்சிப் பாட்டியர் நினைவிலே இன்னும் மலைப்பாட்டு உண்டு. அதற்கு நெடுந்தூரம் செல்லவும் வேண்டா. காலையில் நாம் அருந்தும் தேநீரின் ஒவ்வொரு மிடறும் ஒரு பெண்ணின் விரல்நுனியைத் தொட்டே நம்மிடம் வருகின்றது. அவள் பாடும் பாட்டும் நம்மை வந்தடைதல் வேண்டும்.