போன தீர்மானம் என்னாச்சு?

“மார்க் எப்படி?”ன்னு கேட்க மட்டும்தான் நம்மில் பலர் பள்ளிக்குப் போகிறோம். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் உங்களுக்கு அதைவிடப் பெரிய இடம் தந்திருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை.

கழிப்பறையில் தண்ணி வரலைன்னு வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பினால், அது அங்கேயே நின்றுவிடும். குழுக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானமாக எழுத வையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, “போன தீர்மானம் என்னாச்சு?” என்று கேளுங்கள். (இதைக் கேட்கத்தான் பல ஊர்களில் ஆள் இல்லை!) கூலி வேலைக்குப் போகும் அம்மாக்கள் வர முடியாத நேரமா? மாற்றச் சொல்லலாம், தயங்க வேண்டாம். நீங்கள் உறுப்பினர் இல்லையென்றால், குழுவில் யார் யார் என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.