பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் பெரியவர்களும் நம் கடமையும்

 

இந்த வாரம் ஜும்ஆவில் பேசியதை, வர முடியாதவர்களுக்காகவும் வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காகவும் இங்கே எழுதித் தருகிறோம். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பள்ளியில் பல வருடங்கள் முதல் ஸஃப்பில் நின்று தொழுத பெரியவர் ஒருவர். மனைவி மவ்த்தான பிறகு, மகன் துபாயில் இருப்பதால், ‘அசிஸ்டட் லிவிங்’ என்று சொல்லும் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். தனி அறை, வேளாவேளைக்கு உணவு, குளிக்கவும் மாத்திரை போடவும் ஆள். எட்டு மாதம் நான் போகவில்லை. ‘நல்ல இடம்தானே’ என்று இருந்துவிட்டேன். போனபோது அங்கிருந்த பணிப்பெண், “தாத்தாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது, எது கேட்டாலும் வேறு ஏதோ சொல்கிறார்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், காது மெஷினில் பேட்டரி இல்லை. என்றைக்குத் தீர்ந்ததோ தெரியாது. கீழே கடையில் வாங்கி வந்து போட்டேன். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஹஜ்ரத், இப்ப ஃபஜ்ருக்கு யார் பாங்கு சொல்றா?”

மகன் குறை வைத்தவர் அல்ல. மாதாமாதம் பணம் கட்டுகிறார், தினமும் வீடியோவில் அழைக்கிறார். ஆனால் போன் திரையில் அத்தாவின் முகம் தெரியும், பேட்டரி தெரியாது. அதைப் பார்க்க ஓர் ஆள் அருகில் போய் உட்கார வேண்டும். இந்த ஊரிலேயே இருக்கும் நாம் போயிருக்க வேண்டும்.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். 17-வது அத்தியாயத்தின் 23-வது வசனத்தை நாம் எல்லோரும் ‘சீ என்றுகூடச் சொல்லாதே’ என்ற பகுதிக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் ‘இந்தக’ என்று ஒரு சொல் வருகிறது. ‘உன்னிடத்தில்’ என்று பொருள். பெற்றோர் முதுமை அடைவது பிள்ளையின் அருகில் என்பதையே அந்த வசனம் இயல்பாக வைத்துப் பேசுகிறது. ஆகவே வசதிக்காக, சொத்துக்காக, மருமகள் மாமியார் சண்டைக்காக ஒருவரைக் கொண்டுபோய் விடுவதை லேசாகச் சொல்ல என்னால் முடியாது. அதே நேரம், இரவும் பகலும் ஆள் தேவைப்படும் தாயை, பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாக விட்டுவிட்டு ‘எங்கள் வீட்டில்தான் வைத்திருக்கிறோம்’ என்று பெருமைப்படுவதும் சரியல்ல. படுக்கையில் புரட்டிப் போடவும், கழிவறைக்குத் தூக்கவும் தெரிந்த ஆள் வேண்டிய நிலை வரும். அப்போது இடம் மாறலாம். ‘உன்னிடத்தில்’ என்ற பொறுப்பு மாறாது.

நம் நாட்டில் 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இருக்கிறது. பராமரிக்க வேண்டியவர் கைவிட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தீர்ப்பாயம் வழியாக மாதப் பணமும் வாங்கித் தரும். ஆனால் பக்கத்தில் வந்து உட்காரும்படி எந்தத் தீர்ப்பாயமும் உத்தரவு போடாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களை அன்னை ஆமினா மறைந்தபின் வளர்த்தவர் உம்மு ஐமன் (ரலி). நபியவர்கள் அவரைத் தேடிப் போவது வழக்கம். ஒருமுறை அவர் குடிக்கக் கொடுத்ததை நபியவர்கள் குடிக்காதபோது, அந்த அம்மையார் குரலை உயர்த்திக் கடிந்துகொண்டதாக முஸ்லிமில் வருகிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் பெரியம்மாக்கள் நினைவு வருவார்கள். டீ வேண்டாம் என்றால் சும்மா விடுவார்களா? நபியவர்களின் மறைவுக்குப் பிறகு அபூபக்ர் (ரலி), உமரை (ரலி) அழைத்துக்கொண்டு அதே வீட்டுக்குப் போனார்கள். இருவரையும் கண்டதும் அந்த அம்மையார் அழுதார். அல்லாஹ்விடம் இருப்பது நபிக்குச் சிறந்ததல்லவா என்று ஆறுதல் சொன்னார்கள். அது தெரியும், வானத்திலிருந்து வஹீ வருவது நின்றுவிட்டதே என்றுதான் அழுகிறேன் என்றார். உடனே இருவரும் அவரோடு சேர்ந்து அழுதார்கள்.

அன்று ஆட்சிப் பொறுப்பு அபூபக்ர் (ரலி) தலையில் இருந்தது. அந்த அம்மையார் அவர்கள் இருவருக்கும் தாயல்ல. ‘நபி போன வீடு, நாமும் போவோம்’ என்பதுதான் காரணம்.

நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. இப்னு உமர் (ரலி) மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டு, தம் கழுதையையும் தலைப்பாகையையும் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்தாலே போதுமே என்று உடனிருந்தவர்கள் கேட்டபோது, அவருடைய தந்தை என் தந்தையின் நண்பர் என்றார்கள். உங்கள் அத்தாவின் நண்பர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா?

போகும்போது என்ன செய்வது? பழப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்புவதைச் சொல்லவில்லை. (சர்க்கரைக்காரருக்கு மாம்பழம் வாங்கிப்போகும் அன்பும் நம்மிடம் நிறைய உண்டு.) கண்ணாடி துடைத்திருக்கிறதா, பல்செட் பொருந்துகிறதா, சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா பாருங்கள்; தொளதொளத்தால் எடை குறைந்திருக்கிறது, ஏன் சாப்பிடவில்லை என்று கேளுங்கள். படுத்த படுக்கை என்றால் இடுப்பின் பின்பக்கமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புண் அங்கேதான் தொடங்கும். எப்போதும் ஞாயிறு மாலையே போகாமல், ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரத்திலும் போங்கள். ஆனால் அதிகாரி சோதனைக்கு வந்ததுபோல் நிற்காதீர்கள். குறைந்த சம்பளத்தில் பிறர் வீட்டுப் பெரியவரின் மலத்தைத் துடைக்கும் அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்து, ஸலாமோ வணக்கமோ சொல்லுங்கள்.

தீன் சம்பந்தமானவற்றை நாம் சொன்னால்தான் அங்கே தெரியும். கிப்லா எந்தப் பக்கம் என்று சுவரில் ஓர் அம்புக்குறி ஒட்டிக் கொடுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது புகாரியில் உள்ளது. தண்ணீர் ஆகாதவருக்கு தயம்மும் செய்யச் சுத்தமான மண் வைத்துக் கொடுங்கள். பெண்களைக் குளிப்பாட்டப் பெண்தான் வர வேண்டும் என்பதைச் சேர்க்கும் அன்றே எழுதிக் கொடுங்கள். ரமளானில் நோன்பு வைக்க முடியாத முதியவரிடம், ஃபித்யா கொடுத்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் அது தெரியாமல் குற்ற உணர்வோடு கிடக்கிறார்கள். நினைவு தவறிவிட்டவர் மீது தொழுகைக் கடமையே இல்லை. “லுஹர் தொழுதாயா?” என்று அவரைக் குடைய வேண்டாம். இறந்துபோன மனைவியைத் தேடினால் ஒவ்வொரு முறையும் மவ்த்துச் செய்தியைச் சொல்லி அழவைக்காமல், “அம்மா சமைக்கிற மீன் குழம்பு எப்படி இருக்கும்?” என்று பேச்சைத் திருப்புங்கள்.

இன்னொன்று. ஊரில் இருக்கும் ஒரு மகள் மட்டும் ஓடி ஓடிக் களைத்துப்போவதும், வெளிநாட்டில் இருக்கும் நான்கு மகன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆலோசனை சொல்வதும் பல வீடுகளில் நடக்கிறது. பணம் அனுப்புபவர் பணத்தோடு, அந்தச் சகோதரிக்கு வருடத்தில் ஒரு மாதம் ஓய்வும் கொடுங்கள். விடுமுறையை அதற்கென்று எடுத்து வாருங்கள்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஏழு பெரியவர்கள் இப்படிப்பட்ட இல்லங்களில் இருப்பதாக இதுவரை தெரிய வந்திருக்கிறது. நான்கு இளைஞர்கள் வாரம் ஒருவராகப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் மூவர் தேவை, பெண்களைப் பார்க்கப் பெண்கள் இருவரும் தேவை. அஸருக்குப் பிறகு பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த வெள்ளி, உடல்நிலை இடம் கொடுப்பவர்களை அழைத்துவர இரண்டு கார்கள் பத்தே முக்காலுக்குக் கிளம்பும். முதல் ஸஃப்பின் வலது ஓரத்தில் மூன்று நாற்காலிகள் போட்டிருப்போம். தயவுசெய்து அதில் வேறு யாரும் உட்கார வேண்டாம்.